இளநிலைப் பட்டத்துக்கு இயற்கைப் புவியியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் எதை முதன்மைப் பாடமாக எடுப்பது என்று யோசிப்பவர்களில் சிலருக்குப் புவியியல் மேல் ஆசை இருக்கும். ஆனால் அதில் என்ன சொல்லித் தருவார்கள், படித்துவிட்டு என்ன செய்யலாம் என்று தெளிவாகச் சொல்ல ஆள் கிடைப்பதில்லை. இயற்கைப் புவியியல் படித்து, இப்போது அதையே கற்பித்துவரும் நான், மாணவர்களும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நிலத்தில் நின்று அளக்கவும் தெரிய வேண்டும், அதையே வரைபடத்திலும் கணினியிலும் பார்க்கவும் தெரிய வேண்டும் என்பது என் கருத்து. பல பதில்களில் அது தலைகாட்டும்.

இயற்கைப் புவியியலில் சரியாக என்னதான் படிப்போம்?

பூமியின் மேற்பரப்பில் நிலம், நீர், காற்று, மண், தாவரம் ஆகியவை ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்பதைப் படிப்போம். பாடத்திட்டத்தில் இது பல தாள்களாகப் பிரிந்து வரும். மலையும் பள்ளத்தாக்கும் கடற்கரையும் உருவாகும் விதத்தைப் புவிப்புறவியல் சொல்லும். மழை, வெப்பம், காற்றோட்டம் காலநிலையியலில் வரும். ஆறு, நிலத்தடி நீர், வெள்ளம் எல்லாம் நீரியல். மண்ணியலும் உயிர்ப்புவியியலும் தனித்தனித் தாள்கள். சில துறைகளில் பனியாறுகளுக்கும் கடலுக்கும்கூடத் தனித் தாள் உண்டு.

தாள்கள் பிரிந்திருந்தாலும் நிலம் அப்படிப் பிரிந்து கிடப்பதில்லை. ஒரு மலைச்சரிவு ஏன் சரிந்தது என்று கேட்டால், மழை எவ்வளவு நேரம் எவ்வளவு தீவிரமாகப் பெய்தது என்று பார்க்க வேண்டும். மண் எவ்வளவு நீரை உள்வாங்கியது, அடிப்பாறையின் அடுக்குகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன, மரவேர்கள் எவ்வளவு ஆழம் போயிருந்தன, அடிவாரத்தை வெட்டி யாராவது சாலை போட்டார்களா என்றெல்லாம் பார்க்க வேண்டும். இதில் ஒன்றை விட்டாலும் விடை குறைபட்டுவிடும். இவற்றைச் சேர்த்து யோசிக்கும் பழக்கத்தைத்தான் இந்தப் பட்டம் கொடுக்கிறது.

பள்ளியில் படித்த மாதிரி மலை, ஆறு பெயர்களை மனப்பாடம் செய்வதுதானே?

பெயர்கள் தெரிந்திருந்தால் நல்லது, ஆனால் அதை வைத்துத் தேறிவிட முடியாது. ஆற்று வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் வளைவின் படத்தை வரைந்து, பக்கத்தில் குருட்டு ஆற்றையும் (ஆற்றிலிருந்து அறுந்து தனித்துவிட்ட பழைய வளைவு) வரைந்தால் மதிப்பெண் கிடைத்துவிடும். இங்கே வெளிக்கரை மட்டும் ஏன் அரிபடுகிறது என்று கேட்பார்கள்.

நீர் வளைந்து திரும்பும்போது வெளிக்கரைப் பக்கம் நீர்மட்டம் சற்றே உயர்ந்து நிற்கும். அந்த மட்ட வேறுபாடு, அடியில் மெதுவாக ஓடும் நீரை உட்கரைப் பக்கம் தள்ளும். மேல்நீர் வெளிக்கரைக்கும் அடிநீர் உட்கரைக்குமாகப் போவதால், ஓட்டம் ஒரு திருகுசுருளாக முன்னேறும். வெளிக்கரை அறுபட்டு ஆழமாகும். உட்கரையில் மணல் மேடு சேரும். இது புரிந்துவிட்டால் பாலத்தின் தூணை எங்கே நிறுத்தக் கூடாது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

துறையே இந்த வழியில்தான் வளர்ந்திருக்கிறது. அமெரிக்கப் புவியியலாளர் வில்லியம் மோரிஸ் டேவிஸ் 1899-இல் விரித்து எழுதிய அரிப்புச் சுழற்சிக் கோட்பாடு நிலத்துக்கு இளமை, முதிர்ச்சி, முதுமை என்று பருவங்கள் வகுத்தது. அழகான கோட்பாடு, பல பத்தாண்டுகள் கோலோச்சியது. ஆனால் அதில் அளவீடு குறைவு. 1945-இல் நீரியலாளர் ராபர்ட் ஹார்ட்டன் ஆற்று வலைப்பின்னல்களை எண்ணி அளந்து எழுதினார். 1950-களில் புவியியலாளர் ஆர்தர் ஸ்ட்ராலர் விசை, தகைவு (ஒரு பரப்பின் மேல் விழும் அழுத்தம், இழுப்பு), ஓட்டம் என்று இயற்பியலின் மொழியில் நிலத்தோற்றத்தைப் பேச வேண்டும் என்றார். இன்று நீங்கள் படிக்கப்போவது பெரும்பாலும் அவர்கள் திறந்துவிட்ட வழியில் வந்த பாடம். டேவிஸையும் படிக்கத்தான் வேண்டும். ஒரு பெரிய கோட்பாடு எப்படி எழுந்து எப்படிப் பின்வாங்குகிறது என்று பார்க்க அதைவிடத் தெளிவான உதாரணம் இந்தத் துறையில் இல்லை.

நிலவியல், வானிலையியல், சுற்றுச்சூழல் அறிவியல் என்று வேறு பட்டங்களும் இருக்கின்றனவே. எதை எடுப்பது?

பாறையும் கனிமமும், பூமியின் உட்புறமும், கோடிக்கணக்கான ஆண்டுகளின் வரலாறும் உங்களை ஈர்த்தால் நிலவியலுக்குப் போங்கள். இயற்கைப் புவியியல் பாறையை ஒதுக்குவதில்லை. ஆனால் அதன் கவனம் பெரும்பாலும் மேற்பரப்பில்தான். காலத்தில் அதிகபட்சம் சுமார் 26 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய குவாட்டர்னரி காலம் வரை பின்னோக்கிப் போகும். அதிலும் கடைசி 11,700 ஆண்டுகளான ஹோலோசீன் காலத்தில்தான் நெடுநேரம் செலவாகும்.

நாளைக்கு மழை வருமா என்று முன்கணிப்பதுதான் ஆசை என்றால் வானிலையியல் படியுங்கள். அதற்கு இயற்பியலும் வகைநுண்கணிதமும் கனமாக வேண்டும், புவியியல் பட்டம் அந்த ஆழத்துக்கு அழைத்துப்போகாது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. புவியியலில் காலநிலை வேறு கோணத்தில் வரும். விளாடிமிர் கோப்பென் தாவரவியலில் பயிற்சி பெற்றவர். எந்த இடத்தில் எந்தத் தாவரம் வளர்கிறது என்பதை அளவுகோலாக வைத்துத்தான் வெப்பத்தையும் மழையையும் எழுத்துக் குறியீடுகளால் வகைப்படுத்தினார். அந்த வகைப்பாடு 1900 முதல் திருத்தப்பட்டுத் திருத்தப்பட்டு இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. காற்றையும் இலையையும் சேர்த்துப் பார்த்த அந்தப் பார்வைதான் புவியியலுடையது.

சுற்றுச்சூழல் அறிவியலில் வேதியியலும் உயிரியலும் சட்டமும் அதிகம். இடம் சார்ந்த சிந்தனையும் வரைபடமும் குறைவு.

கணக்கு வராது. சமாளிக்க முடியுமா?

பயம் இருந்தால் பரவாயில்லை, வெறுப்பு இருந்தால் கஷ்டம். கோணவியலும் மடக்கையும் அடிப்படை அளவுக்குத் தெரிந்தால் முதலாண்டைத் தாண்டிவிடலாம். அதற்குப் பிறகு தேவைப்படுவது பெரும்பாலும் புள்ளியியல்தான். அதை மேலோட்டமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

காரணம் இருக்கிறது. ‘நூறாண்டு வெள்ளம்’ என்று செய்தியில் கேட்கிறோம். ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த நூறு ஆண்டுக்கு வராது என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அதன் பொருள், எந்த ஓர் ஆண்டிலும் அந்த அளவு வெள்ளம் வர 1 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்பதுதான். ஆற்றங்கரையில் வீடு கட்டி 30 ஆண்டு குடியிருப்பவருக்கு, அந்தக் காலத்துக்குள் ஒருமுறையாவது அது வர ஏறக்குறைய 26 சதவீத வாய்ப்பு. நான்கில் ஒன்றுக்கும் சற்று அதிகம். 0.99-ஐ முப்பது முறை பெருக்கி ஒன்றிலிருந்து கழித்தால் இந்த விடை வந்துவிடும். பள்ளிக் கணக்குதான், ஆனால் ஒரு குடும்பம் எங்கே வீடு கட்டுவது என்பதையே மாற்றிவிடக்கூடியது.

புவியியலுக்கே உரிய சிக்கல்களும் உண்டு. 350 பாகையிலிருந்தும் 10 பாகையிலிருந்தும் வீசிய காற்றுகளின் சராசரித் திசை என்ன? கூட்டி இரண்டால் வகுத்தால் 180, அதாவது தெற்கு என்று வரும். ஆனால் இரண்டு காற்றுமே ஏறத்தாழ வடக்கிலிருந்து வந்தவை. திசைகளுக்குத் தனிப் புள்ளியியல் வேண்டும் என்பது இந்த ஒரு கணக்கிலேயே விளங்கிவிடும். அதேபோல் அருகருகே எடுத்த இரண்டு மண் மாதிரிகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்பதால், அவற்றை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தரவாக எண்ணக் கூடாது. கணிதத் துறையில் நடத்தும் பொதுவான புள்ளியியல் வகுப்பில் இதையெல்லாம் சொல்லித் தருவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

களப்பணி என்றால் சுற்றுலா மாதிரியா?

ஒரு நாள் களத்தில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். நீங்களே முடிவு செய்யுங்கள்.

நான்கைந்து மீட்டர் அகலமுள்ள ஓடை ஒன்றில் நொடிக்கு எவ்வளவு நீர் ஓடுகிறது என்று அளக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் இடம் தேர்ந்தெடுப்பது. ஓடை நேராகப் போகும் இடம், பெரிய பாறைகள் இல்லாத இடம், நீர் சுழலாத இடம். குறுக்கே அளவுநாடாவை இறுக்கிக் கட்டுவோம். அரை மீட்டருக்கு ஒரு புள்ளியில் ஆழத்தை அளந்து, அங்கே நீரின் வேகத்தை அளக்கும் ஓட்டமானியை இறக்குவோம். மேற்பரப்பிலிருந்து ஆழத்தின் 0.6 பங்கு கீழே வைத்தால், அந்தச் செங்குத்துக் கோட்டின் சராசரி வேகத்துக்கு நெருக்கமான அளவு கிடைக்கும். ஆழம் அதிகமாக இருந்தால் 0.2 பங்கிலும் 0.8 பங்கிலும் இரண்டு முறை அளந்து சராசரி எடுப்போம். அரை மீட்டர் அகலம், 0.4 மீட்டர் ஆழம், நொடிக்கு 0.6 மீட்டர் வேகம் என்றால் அந்தத் துண்டில் மட்டும் நொடிக்கு 120 லிட்டர். எல்லாத் துண்டுகளையும் கூட்டினால் ஓடையின் மொத்த ஓட்டம்.

ஒருவர் நீரில் நிற்பார், ஒருவர் கரையில் எழுதுவார். நீரில் நிற்பவர் எண்ணைச் சொல்ல, எழுதுபவர் அதையே உரக்கத் திரும்பச் சொல்வார். இரைச்சலில் ஆறு என்பது நூறு என்று காதில் விழும். பென்சிலால்தான் எழுத வேண்டும், மை நனைந்தால் போச்சு. நீர் வேகமாக இருந்து முழங்காலுக்கு மேல் ஏறினால் இறங்கக் கூடாது, அன்றைய வேலை எவ்வளவு மீதியிருந்தாலும் சரி.

ஓட்டமானி இல்லாவிட்டால் மிதவை ஒன்றைப் போட்டு நேரம் பார்க்கலாம். ஆனால் மிதவை காட்டுவது மேற்பரப்பு வேகம். அதைச் சுமார் 0.85-ஆல் பெருக்கினால்தான் சராசரியை நெருங்கும். மேன்னிங் சமன்பாடு என்று இன்னொன்று இருக்கிறது. சரிவு, குறுக்குவெட்டு, படுகையின் சொரசொரப்பு ஆகியவற்றைக் கொண்டு வேகத்தைக் கணக்கிடும். அந்தச் சொரசொரப்பு எண், சுத்தமான நேர் ஓடைக்கு 0.03 அளவில் இருக்கும். அடர்ந்த புதர் மண்டிய வெள்ளச் சமவெளியில் 0.1-ஐத் தொடும், தாண்டவும் செய்யும். எண் இரண்டு மடங்கானால் கணக்கில் வேகம் பாதியாகும். அந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பது ஓடையை நேரில் பார்க்கும் உங்கள் கண்தான். பல ஓடைகளில் கால் நனைத்தவரின் கண்ணுக்கும் அட்டவணையை மட்டும் பார்த்தவரின் கண்ணுக்கும் உள்ள வித்தியாசம் இங்கே நேரடியாக விடையில் தெரியும்.

மண்ணுக்கு விரல்களே கருவி. ஒரு கைப்பிடி மண்ணைச் சிறிது நீர் விட்டுப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்தி நாடா மாதிரி வெளியே தள்ள வேண்டும். நாடாவே வராமல் உதிர்ந்தால் மணல். இரண்டரை சென்டிமீட்டருக்குள் ஒடிந்தால் வண்டல் கலந்த இருபொறை மண். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் ஒடியாமல் நீண்டால் களி. நாக்கில் வைத்துப் பார்ப்பவர்களும் இருந்தார்கள். மாசு கலந்திருக்கலாம் என்பதால் இப்போது அதைச் செய்ய வேண்டாம். நிறத்தை மன்செல் நிற அட்டையோடு வைத்துப் பார்ப்போம். வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்பதுகூட நிறத்தை மாற்றிக் காட்டும் என்பதால், மண் ஈரமாக இருந்ததா, காய்ந்திருந்ததா, வெளிச்சம் எப்படி என்பதையும் குறித்துக்கொள்வோம்.

மாலையில் திரும்பி வந்து, கை வலிக்க எழுதிய எண்களைக் கணினியில் ஏற்றி, எங்கே பிழை என்று தேடுவதும் களப்பணியின் பகுதிதான்.

செயற்கைக்கோள் படமும் ஜிஐஎஸ்ஸும் (கணினியில் வரைபடத் தரவைக் கையாளும் புவியியல் தகவல் முறைமை) இருக்கும்போது ஏன் இன்னும் வெயிலில் அலைய வேண்டும்?

படங்கள் இந்தத் துறைக்குக் கிடைத்த வரம் என்பதில் சந்தேகமே இல்லை. 1972-இல் அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. 2008 முதல் அதன் முழுச் சேமிப்பும் யாருக்கும் இலவசம். 2015-இலிருந்து ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு கடற்கரை அரை நூற்றாண்டில் எவ்வளவு பின்வாங்கியது என்பதை ஒரு மாணவர் தன் மேசையில் இருந்தபடியே அளந்துவிடலாம். முந்தைய தலைமுறை ஆய்வாளர்களுக்குக் கனவிலும் கிடைக்காத வசதி இது.

ஆனால் படம் எதைக் காட்டுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். லேண்ட்சாட்டின் ஒரு படப்புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது 900 சதுர மீட்டர். மேலே சொன்ன ஓடை அதற்குள் கரைந்துபோய்விடும். சென்டினல் படம் பதியும் ஒளிப் பட்டைகளில் மிக நுட்பமானவற்றிலும் ஒரு புள்ளி 10 மீட்டர். உயரத் தரவிலும் இதே கதைதான். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடத்திலிருந்து ரேடார் மூலம் எடுத்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவை இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறோம். அடர்ந்த காட்டில் அந்த ரேடார் அலை தரைவரை முழுதாக இறங்காது. அங்கே நிலத்தின் உயரம் என்று நீங்கள் எடுத்துக்கொள்வதில் மரக்கிளைகளின் உயரமும் கலந்திருக்கும். காட்டை வெட்டிய விளிம்பில் கணினி ஒரு செங்குத்துச் சரிவை வரைந்து காட்டும். போய்ப் பார்த்தால் தரை சமமாக இருக்கும்.

ஆகவே ஜிஐஎஸ் கற்றுக்கொள்ளுங்கள், கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். கியூஜிஐஎஸ் இலவச மென்பொருள், சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும். பைத்தான் அல்லது ஆர் மொழியில் ஏதாவது ஒன்றை இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் கையில் பிடித்துவிடுங்கள். பட்டன்களை மட்டும் அறிந்தவரைவிட, வரைபடத்தில் உள்ள கோடு ஏன் தவறு என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் நல்ல இடங்களில் தேடுகிறார்கள்.

ஆண்டுவாரியாகப் பாடம் எப்படி நகரும்?

கல்லூரிக்குக் கல்லூரி மாறும். பொதுவாக முதலாண்டில் நிலம், காலநிலை, நீர் பற்றிய அடிப்படைகளும் வரைபடப் பயிற்சியும். சமஉயரக்கோடு வரைந்து குறுக்குவெட்டு எடுப்பது பலருக்குச் சலிப்பாக இருக்கும், ஆனால் அதைக் கையால் செய்தவர்களுக்குத்தான் பிறகு முப்பரிமாணம் கண்ணுக்குள் விரியும். இரண்டாம் ஆண்டில் புள்ளியியல், தொலையுணர்தல், ஜிஐஎஸ், நீண்ட களப்பயணம். கடைசி ஆண்டில் விருப்பத் தாள்களும் ஆய்வேடும்.

ஆய்வகம் உண்டா?

உண்டு. சல்லடைகளில் மணலைத் தரம் பிரிப்பது, மண்ணின் ஈரத்தையும் கரிமப் பொருளையும் அடுப்பில் வைத்து எடையிழப்பால் கண்டுபிடிப்பது, மகரந்தத் துகள்களை நுண்ணோக்கியில் எண்ணுவது போன்றவை. ஏரிப் படிவில் ஆழம் போகப் போக மகரந்தம் மாறுவதைப் பார்த்து, பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சுற்றிலும் காடு இருந்ததா, புல்வெளி இருந்ததா என்று சொல்ல முடியும். காலத்தைக் கணிக்கக் கார்பன்-14 முறை உதவும். அதன் அரை ஆயுள் சுமார் 5,730 ஆண்டுகள், எனவே ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் அது கைகொடுக்காது. அண்டார்டிகாவின் பனிக்கட்டித் தண்டுகளில் 8 லட்சம் ஆண்டுக் காற்றுக் குமிழிகள் அடைபட்டிருக்கின்றன என்பதை வகுப்பில் சொல்லும்போது, கடைசி வரிசையில் இருப்பவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

உடல்நிலை காரணமாக மலை ஏறவோ நீரில் இறங்கவோ முடியாது. சேரக் கூடாதா?

சேரலாம். சேரும் முன்பே துறையில் பேசுங்கள். சாலையோரத்திலிருந்து பார்க்கக்கூடிய களங்கள், ட்ரோன் படங்களைக் கொண்டு செய்யும் அளவீடு, தரவைச் சரிபார்க்கும் பொறுப்பு என்று பங்கெடுக்கப் பல வழிகள் உண்டு. பனியாற்றியலிலும் கணினியில் இயக்கும் காலநிலை மாதிரிகளிலும் சிறந்த வேலைகள் பல கணினி முன்தான் நடக்கின்றன. களத்துக்குப் போனவர்களின் குறிப்பேட்டை வாசித்துக் கேள்வி கேட்பவர் ஒரு குழுவுக்கு அவசியம். ஒரு துறை இதற்கெல்லாம் இடம் கொடுக்க மறுத்தால் குறை அந்தத் துறையினுடையது, உங்களுடையது இல்லை.

இதில் மனிதர்களைப் பற்றி எதுவுமே வராதா?

மனிதர்களை விட்டுவிட்டு இன்று எந்த ஆற்றையும் விளக்க முடியாது. 1960 வாக்கில் மத்திய ஆசியாவின் ஆரல் கடல் உலகின் நான்காவது பெரிய ஏரி. அதில் கலந்த அமு தரியா, சிர் தரியா ஆறுகளின் நீரைப் பருத்தி வயல்களுக்குத் திருப்பினார்கள். நீர்மட்டம் இறங்கி, 1980-களின் இறுதியில் ஏரி இரண்டாகப் பிரிந்தது. காய்ந்த படுகையிலிருந்து உப்பும் தூசியும் காற்றில் பறந்து சுற்றுப்புற மக்களின் நுரையீரலுக்குள் போயின. 2005-இல் கட்டிய கோக்-அரால் அணையால் வடபகுதி ஓரளவு மீண்டது. இது நீரியலா, காலநிலையியலா, வேளாண் கொள்கையா? மூன்றும்தான்.

நைல் ஆற்றில் அஸ்வான் உயர் அணை 1970-இல் முடிந்தபின், டெல்டாவுக்கு வந்துகொண்டிருந்த வண்டல் அணைக்குப் பின்னால் தங்கிவிட்டது. கடலோரம் அரிபடத் தொடங்கியது. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆறு பக்கத்திலுள்ள அட்சஃபலாயா ஆற்றின் வழியாகப் பாதை மாறிப் போகப் பார்த்தது. 1963 முதல் பெரிய மதகுகளைக் கட்டி அதைப் பழைய பாதையிலேயே நிறுத்திவைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பெருவெள்ளத்திலும் அந்த மதகுகளுக்குச் சோதனைதான். இப்படிப்பட்ட இடங்களில் பொறியாளரோடும் உழவரோடும் அதிகாரியோடும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஆறு என்ன செய்யும் என்று எடுத்துச் சொல்ல ஒருவர் தேவை. அந்த நாற்காலிக்குத்தான் உங்களைத் தயார் செய்கிறோம்.

வேலை கிடைக்குமா?

பெற்றோர் முதலில் கேட்பது இதுதான், கேட்க வேண்டியதும்தான். வேலை விளம்பரங்களில் ‘புவியியலாளர்’ என்ற பதவிப் பெயர் அரிதாகத்தான் வரும். அதைத் தேடினால் மனம் சோர்ந்துவிடும். ஜிஐஎஸ் பகுப்பாய்வாளர், வெள்ள இடர் மதிப்பீடு, நீர்வள மேலாண்மை, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, பேரிடர் மேலாண்மை, மண்வள ஆய்வு, வனப் பாதுகாப்பு, நகரத் திட்டமிடல், வரைபட நிறுவனங்கள், காப்பீட்டு நிறுவனங்களின் இயற்கைப் பேரிடர் கணிப்புப் பிரிவு என்று வேறு பெயர்களில் தேட வேண்டும். ஆசிரியப் பணியும் ஆட்சிப் பணித் தேர்வுகளும் எப்போதும் உள்ள வழிகள்.

பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு போனால் போட்டி கடினம் என்பதை மறைக்க விரும்பவில்லை. கூடவே எதையாவது காட்டத் தெரிய வேண்டும். நீங்களே எடுத்த தரவு, நீங்களே வரைந்த வரைபடம், அது எங்கே நம்பத்தக்கது, எங்கே இல்லை என்று விளக்கும் இரண்டு பக்கம். இவை மூன்றும் கையில் இருந்தால் நேர்காணலில் பேச்சு உங்கள் வேலையைச் சுற்றியே நடக்கும். நீரியல் மாதிரியாக்கம், பனியாற்றியல், காலநிலை ஆய்வு போன்றவற்றில் நிலையாக நிற்க வேண்டுமென்றால் முதுநிலைப் பட்டமும் தேவைப்படும்.

கலைப் பட்டமா, அறிவியல் பட்டமா?

பெயரைவிடப் பாடத்திட்டம் முக்கியம். செய்முறைத் தாள்களும் களப்பணியும் புள்ளியியலும் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். மேற்படிப்புக்கு அறிவியல் பட்டம்தான் வேண்டும் என்று நிபந்தனை வைக்கும் இடங்கள் உண்டு. மனத்தில் ஏதாவது இலக்கு இருந்தால் அதன் தகுதி விதியை முன்பே படித்துவிடுங்கள்.

துணைப்பாடமாக எதை எடுக்கலாம்?

புள்ளியியல் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். இல்லையென்றால் நிலவியல், கணினி அறிவியல், தாவரவியல்.

ஆய்வேட்டுக்குத் தலைப்பு எப்படித் தேர்ந்தெடுப்பது?

‘காலநிலை மாற்றத்தின் தாக்கம்’ என்று வருபவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். ஆர்வம் நல்லதுதான், ஆனால் அது ஒரு வாழ்நாளுக்கான தலைப்பு. கையில் இருப்பதோ சில மாதங்கள். அந்தச் சில மாதங்களில் விடை காணக்கூடிய ஒரு சின்னக் கேள்வி வேண்டும்.

ஒரு தடுப்பணைக்கு மேலும் கீழும் ஓடைப் படுகையின் கற்கள் அளவில் வேறுபடுகின்றனவா? இது நல்ல கேள்வி. 1954-இல் வோல்மன் என்ற ஆற்று ஆய்வாளர் வகுத்த முறையில், படுகையில் நடந்துகொண்டே, கீழே பார்க்காமல் கால் நுனிக்கு முன் கையை நீட்டி, விரல் முதலில் தொடும் கல்லை எடுக்க வேண்டும். கீழே பார்த்தால் கை தன்னையறியாமல் அழகான, பெரிய கல்லுக்குப் போய்விடும். ஒவ்வொரு கல்லுக்கும் நீளமும் தடிமனும் விட்டு, நடு அச்சை அளக்க வேண்டும். இப்படி நூறு கற்கள் மேலே, நூறு கற்கள் கீழே. மேலே நுண்மணல் தேங்கி, கீழே நுண்பொருள் அடித்துச் செல்லப்பட்டு பெரிய கற்கள் மட்டும் மிஞ்சியிருக்கும் என்று எதிர்பார்ப்போம். எதிர்பார்த்தது வராமல் போனால் அதுவும் விடைதான். ஏன் வரவில்லை என்று யோசிக்கும் அத்தியாயம்தான் பெரும்பாலும் ஆய்வேட்டின் சிறந்த அத்தியாயமாக அமைகிறது.

மரநிழலுக்கும் வெட்டவெளிக்கும் மண் வெப்பம் எவ்வளவு வேறுபடுகிறது, உழுத நிலத்திலும் மிதிபட்ட நிலத்திலும் நீர் எவ்வளவு விரைவாக இறங்குகிறது என்பவையும் இதே மாதிரி செலவு குறைந்த, நேர்மையான கேள்விகள்.

நல்ல துறையை எப்படி அடையாளம் காண்பது?

கட்டடத்தைப் பார்க்காதீர்கள், மாணவர்களிடம் பேசுங்கள். கடைசியாக எப்போது களத்துக்குப் போனீர்கள், கருவிகளை உங்கள் கையில் கொடுத்தார்களா, பூட்டி வைத்திருந்தார்களா என்று கேளுங்கள். பழைய ஆய்வேடுகள் இரண்டை வாங்கிப் புரட்டுங்கள். தரவு மாணவர் எடுத்ததா, எங்கிருந்தோ பெற்றதா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆசிரியர்களில் ஒருவராவது இப்போதும் களத்தில் ஆய்வு செய்கிறவராக இருக்க வேண்டும். பூட்டிய பீரோவுக்குள் ஜிபிஎஸ் கருவி இருந்து யாருக்கு என்ன பயன்?

சேர்வதற்கு முன் சில மாதம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

மழைமானி ஒன்று வாங்குங்கள், அல்லது நேரான பக்கங்கள் உள்ள பாத்திரம் ஒன்றைத் திறந்த வெளியில் வையுங்கள். சுவரிலிருந்தும் மரத்திலிருந்தும் தள்ளியே இருக்கட்டும். தினமும் ஒரே நேரத்தில் அளந்து எழுதுங்கள். மழை இல்லாத நாளில் சுழியம் என்று எழுத வேண்டும். வெற்றிடமாக விட்டால், மழை இல்லையா, அளக்க மறந்தீர்களா என்று பிறகு தெரியாது. கியூஜிஐஎஸ்ஸை நிறுவி, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பகுதியின் உயரத் தரவை இறக்கி, சமஉயரக்கோடு வரைந்து பாருங்கள். பிறகு அந்தத் தாளோடு அங்கே நடந்து போய், கோடுகள் நெருங்கும் இடத்தில் உண்மையிலேயே ஏற்றம் இருக்கிறதா, நீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று சரிபாருங்கள். பொருந்தாத இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்து, வகுப்பு தொடங்கும்போது அந்தத் தாளையும் எடுத்து வாருங்கள்.